ஜிப்ஸியின் முன் ஆக்ஸில் ஒழுகினால்: சீலை நீங்களே மாற்றுவது எப்படி

முன்சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து பார்த்தால் ஓர் இரும்புக் குண்டு தெரியும். அந்தக் குண்டைக் கவ்விக்கொண்டுதான் நக்கிள் திரும்புகிறது, அதோடு சக்கரமும் திரும்புகிறது. அந்த இடத்திலிருந்து கருப்பாக எண்ணெய் வடிந்து டயரின் உள்பக்கமெல்லாம் தெறித்திருந்தால், எண்ணெயை உள்ளேயே தடுத்து வைக்கும் ரப்பர் வளையமான ஆக்ஸில் சீல் போய்விட்டது என்று பட்டறையில் சொல்வார்கள். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் சீல் ஏன் போனது என்று பார்க்காமல் புதிதைப் போட்டால், அடுத்த மழைக்காலத்துக்குள் அதே இடம் மறுபடி நனையும். என் வண்டியில் ஒரே பக்கத்துச் சீலை இரண்டு முறை மாற்றிய பிறகுதான் ஆக்ஸிலின் மூச்சுக்குழாயைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே சேறு காய்ந்து கல்லாக இறுகிக் கிடந்தது. அன்று முதல் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: சீல் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன் மூச்சுக்குழாயை ஊதிப் பாருங்கள்.

இங்கே சொல்வது மாருதி ஜிப்ஸிக்கானது. 1985-ல் 970 சிசி எஞ்சினோடு வந்த பழைய வண்டிக்கும், 1996-ல் 1.3 லிட்டர் எஞ்சினோடு வந்த ஜிப்ஸி கிங்குக்கும் முன் ஆக்ஸிலின் அடிப்படை ஒன்றுதான். சுஸுகி எஸ்ஜே410 வழியில் வந்த வண்டி என்பதால் அந்தக் குடும்பத்து வண்டிகள் எல்லாவற்றுக்கும் இது ஏறக்குறைய பொருந்தும். 2023-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஐந்து கதவு ஜிம்னியிலும் முன்பக்கம் இதே மூடிய குண்டு வகைதான், அளவுகளும் பாகங்களும் மட்டும் வேறு. ஜீப் ரேங்ளர் போன்றவற்றில் கதை வேறு. அங்கே உள் சீல்கள், இரண்டு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். அவற்றை மாற்ற டிஃபரன்ஷியலையே வெளியே எடுக்க வேண்டும். முதல்முறை கைவைப்பவர்களுக்கு அந்த வேலையை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஜிப்ஸியில் அந்தச் சிரமம் இல்லை.

உள்ளே என்ன இருக்கிறது

நடுவில் டிஃபரன்ஷியல். நம் ஊர் மெக்கானிக்குகள் கிரவுன் என்று சொல்வது. அதிலிருந்து இரண்டு பக்கமும் குழாய் நீண்டு, ஒவ்வொரு முனையிலும் ஒரு குண்டில் முடிகிறது. குழாய்க்குள்ளே ஆக்ஸில் ஷாஃப்ட். சக்கரம் திரும்பும்போதும் ஷாஃப்ட் சுழல வேண்டும் அல்லவா, அதற்காகக் குண்டுக்குள் பிர்ஃபீல்ட் ஜாயின்ட் என்ற மூட்டு இருக்கிறது. டிஃபரன்ஷியலில் இருப்பது கியர் ஆயில். குண்டுக்குள் மூட்டைச் சுற்றி இருக்கவேண்டியது கிரீஸ். இரண்டும் கலக்காமல் பிரித்து வைப்பது ஒரே ஒரு சிறிய ஆயில் சீல். அது குழாயின் முனையில், குண்டின் கழுத்துக்குள் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். உள் சீல் என்று நான் சொல்வது இதைத்தான்.

குண்டின் வெளிப்பரப்பைத் துடைத்துக்கொண்டே திரும்பும் இன்னொரு சீல் தொகுதி நக்கிளின் பின்பக்கத்தில் இருக்கிறது. ரப்பர் வளையம், ஃபெல்ட் வளையம், அவற்றை அழுத்திப் பிடிக்கும் தகடு. கடையில் நக்கிள் சீல் கிட் என்று கேட்டால் இதைக் கொடுப்பார்கள். இதன் வேலை கிரீஸை உள்ளேயும் தூசியையும் சேற்றையும் வெளியேயும் வைப்பது. தண்ணீர் போன்ற எண்ணெயைத் தடுக்கும் சக்தி இதற்குக் கிடையாது. ஆகவே உள் சீல் தேய்ந்ததும் கியர் ஆயில் குண்டுக்குள் புகுந்து, கிரீஸைக் கரைத்துக் கஞ்சியாக்கி, இந்த வளையத்தின் வழியாக வடியும். பார்க்கிறவர்கள் வெளி வளையம்தான் கெட்டது என்று நினைத்து அதை மட்டும் மாற்றுவது வழக்கம். பத்து நாளில் மறுபடி வடியும்.

எது ஒழுகுகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள்

அந்த இடத்தை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துக் காயவிட்டு, இருபது முப்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். விரலில் தொட்டுப் பாருங்கள், மோந்தும் பாருங்கள்.

குண்டின் மேல் மெல்லிய கிரீஸ் படலம் இருந்தால் அது நோயே இல்லை, அப்படித்தான் இருக்கவேண்டும். கெட்டியான கருப்புக் கிரீஸ் வளையத்தின் ஓரத்தில் பிதுங்கி நின்றால், வெளி வளையம் தேய்ந்திருக்கலாம், அல்லது யாரோ கிரீஸை அளவுக்கு மேல் அடைத்திருக்கலாம். வடிவது தண்ணீர் போல நீர்த்திருந்து, கந்தக வாடை, கிட்டத்தட்ட அழுகிய முட்டை வாடை அடித்தால் அது கியர் ஆயில். உள் சீல் போய்விட்டது. ஈரம் குண்டில் இல்லாமல் டிஸ்க்கின் உள்பக்கத்திலும், சக்கரம் மாட்டும் ஹப்பின் பின்னாலும் இருந்தால் ஹப்பின் ஆயில் சீலைச் சந்தேகிக்க வேண்டும். வாடை குறைவாக, வழவழவென்று, பெயின்ட்டை உரிக்கிற திரவமாக இருந்தால் அது பிரேக் ஆயில். அப்படியானால் வண்டியை எடுக்கவே வேண்டாம், முதலில் பிரேக்கைப் பாருங்கள்.

அடுத்து டிஃபரன்ஷியலின் நிரப்பும் பிளக்கைத் திறந்து விரலை விட்டுப் பாருங்கள். ஆயில் லெவல் குறைந்திருந்தால் சந்தேகம் உறுதி. ஆயில் பால் கலந்த டீ போல இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. பிளக்கைத் திறந்ததுமே ஆயில் கொட்டினால் யாரோ அளவுக்கு மேல் ஊற்றியிருக்கிறார்கள். சீல் ஒழுகுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மூச்சுக்குழாய்

ஆக்ஸில் ஹவுசிங்கின் மேல்பக்கம் சிறு மூடியோ, ரப்பர் குழாயோ இருக்கும். அதுதான் பிரீதர். வண்டி ஓட ஓட உள்ளே ஆயில் சூடாகிறது, காற்று விரிகிறது. விரிந்த காற்று வெளியேற வழி இந்த ஒன்றுதான். இது அடைத்துக்கொண்டால் காற்று இருப்பதிலேயே பலவீனமான இடத்தைத் தேடும். அது சீலின் ரப்பர் உதடு. உதட்டைத் தள்ளிக்கொண்டு காற்றும் கூடவே ஆயிலும் வெளியேறும்.

தலைகீழாக நடப்பது இன்னும் மோசம். மேட்டில் ஏறிச் சூடான ஆக்ஸிலோடு ஓர் ஓடையில் இறங்குகிறீர்கள். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் உள்ளே காற்று சுருங்குகிறது. பிரீதர் அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். பிரீதர் திறந்திருந்து, ஆனால் தண்ணீருக்கு அடியில் இருந்தாலும் அதே கதிதான். அதனால் பிரீதர் முனையில் பெட்ரோல் தாங்கும் ரப்பர் குழாயை மாட்டி, எஞ்சின் அறைக்குள் உயரமான இடம்வரை கொண்டுபோய்க் கட்டிவிடுங்கள். முனையைக் கீழ்நோக்கி வளைத்து, ஒரு சின்ன பெட்ரோல் ஃபில்டரைச் செருகினால் தூசியும் போகாது. ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பியும், வண்டியின் மூக்கை மேலும் கீழும் ஆட்டியும், குழாய் எங்கும் இழுபடவில்லை, சைலன்ஸர் குழாய் மேல் படவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்த முழு வேலையில் செலவு குறைந்ததும் பலன் அதிகமானதும் இதுதான்.

பிரீதர் நன்றாக இருந்தும் சீல் போயிருந்தால் வேறு காரணங்கள் உண்டு. சக்கரத்தை ஷாஃப்ட்டோடு பூட்டவும் விடுவிக்கவும் முடிகிற ஃப்ரீவீல் ஹப் உள்ள வண்டிகளில், ஹப்பைப் போடாமல், அதாவது பூட்டாமல், மாதக்கணக்கில் ஓட்டினால் ஷாஃப்ட் சுழலாமல் ஒரே இடத்தில் நிற்கும். சீலின் உதடு காய்ந்து, ஒரு பக்கம் அமுங்கிப் போகும். மாதம் ஒருமுறையாவது மண்பாதையில் ஹப்பைப் போட்டுச் சில கிலோமீட்டர் ஓட்டினால் உதட்டில் ஆயில் படும். இன்னொன்று, ஹப்பைத் தாங்கும் குழாய் போன்ற அச்சான ஸ்பிண்டிலுக்குள் இருக்கும் வெண்கல புஷ். அது தேய்ந்தால் ஷாஃப்ட் நடுவில் நிற்காமல் ஆடிக்கொண்டே சுழலும், எந்தச் சீலும் அதைத் தாங்காது. ஆக்ஸில் குழாயே வளைந்திருந்தாலும் ஒரு பக்கச் சீல் மட்டும் திரும்பத் திரும்பப் போகும். பள்ளத்தில் வேகமாக விழுந்த பழைய வண்டிகளில் இதைப் பார்க்கலாம். அதைச் சரிபார்ப்பது நல்ல பட்டறையின் வேலை.

வாங்கவேண்டியவை

இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே வாங்குங்கள். உள் ஆயில் சீல், நக்கிள் சீல் கிட், ஹப் ஆயில் சீல், ஸ்பிண்டில் கேஸ்கெட், ஹப் நட்டுக்கு இடையே வரும் மடக்கும் வாஷர். நக்கிள் திரும்பும் அச்சான கிங் பின்னின் பேரிங்குகளைக் கழற்றிப் பார்த்துவிட்டு வேண்டுமானால் வாங்கலாம், ஆனால் கடை தொலைவில் என்றால் கையோடு வைத்திருப்பது நல்லது. சென்னையில் இருப்பவர்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் எல்லாமே கிடைக்கும். சீலில் மட்டும் விலை பார்க்காதீர்கள். மட்டமான சீலில் உதட்டைச் சுற்றி வரும் சுருள் ஸ்பிரிங் கையில் எடுத்ததுமே கழன்று வரும். வண்டியின் மாடலைச் சொல்லி, முடிந்தால் பழைய சீலில் இருக்கும் நம்பரையும் காட்டி வாங்குங்கள்.

ஆயிலுக்கு ஜிஎல்-5 தரத்தில் 80டபிள்யூ-90 கியர் ஆயில், முன் ஆக்ஸிலுக்குச் சுமார் இரண்டு லிட்டர் பிடிக்கும். குண்டுக்குள்ளே மாலிப்டினம் கலந்த லித்தியம் கிரீஸ், அதாவது கடையில் மாலி கிரீஸ் என்று கேட்டால் தருவது. சக்கர பேரிங்குக்கு நல்ல பேரிங் கிரீஸ்.

கருவிகளில் வழக்கமான ஸ்பேனர் செட், சர்க்ளிப் பிளேயர், பித்தளைக் கட்டை, சுத்தியல், இரண்டு நக்கிளையும் இணைக்கும் டை ராடின் முனையைப் பிரிக்கும் புல்லர் இவற்றோடு ஹப் நட்டுக்கென்று இருக்கும் பெரிய பாக்ஸ் ஸ்பேனர் அவசியம். உளியை வைத்துத் தட்டி அந்த நட்டைக் கழற்றுகிறவர்கள் உண்டு. நட்டின் முனைகள் சிதைந்துபோனால் பேரிங்கைச் சரியாக இறுக்கவே முடியாது. ஒரு ஸ்பிரிங் தராசும் வேண்டும். பழைய பேப்பர்காரர் தொங்கவிட்டு எடை போடுவாரே, அதே வகை, ஆனால் ஐந்து கிலோவுக்குள் காட்டுகிற சின்னது.

பிரிப்பது

சமதரையில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஜாக்கியில் தூக்கி, ஆக்ஸில் குழாய்க்கு அடியில், ஸ்பிரிங் பட்டைக்கு அருகே ஸ்டாண்டு வைத்து வண்டியை அதன் மேல் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கைவிடாதீர்கள். இந்த வேலையில் சுத்தியலால் தட்டுவதும், இழுப்பதும், ஆட்டுவதும் நிறைய. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்டு ஆகாது, எடை தாங்கும்போதே திடீரென்று நொறுங்கும்.

ஆயிலை வடிப்பதற்கு முன் நிரப்பும் பிளக்கைத் திறந்துவிடுங்கள். வடித்துவிட்டு, நிரப்பும் பிளக் திறக்கவில்லை என்று தெரிந்தால் வண்டி அங்கேயே நிற்கும். அப்புறம் வடிக்கும் பிளக். அதில் ஒட்டியிருக்கும் இரும்புப் பொடி மாவு போல இருந்தால் பரவாயில்லை. கையில் குத்துகிற துணுக்குகள் இருந்தால் டிஃபரன்ஷியலுக்கு உள்ளே வேறு வேலை இருக்கிறது.

சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க் பிரேக் காலிப்பரைக் கழற்றி, கம்பி போட்டு ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் ஹோஸில் அதன் எடை விழக்கூடாது. ஹப்பின் மூடி, அதற்குள் ஷாஃப்ட் முனையில் வளையக் கிளிப்பான சர்க்ளிப், பிறகு ஷாஃப்ட்டை ஹப்போடு இணைக்கும் ஃபிளேஞ்ச் அல்லது ஃப்ரீவீல் ஹப்பின் போல்ட்டுகள். அடுத்து மடக்கிய வாஷரின் காதை நிமிர்த்தி, வெளி நட்டு, வாஷர், உள் நட்டு என்ற வரிசையில் எடுங்கள். ஹப்பை இழுக்கும்போது வெளி பேரிங் கையில் விழும், ஒரு துணியை விரித்துப் பிடியுங்கள். எடுத்த எல்லாவற்றையும் வரிசை மாறாமல் தட்டில் அடுக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். மாட்டும்போது ஞாபகத்தைவிடப் படம் நம்பகமானது.

ஸ்பிண்டில் போல்ட்டுகளைக் கழற்றியதும் அது எளிதில் வராது. பித்தளைக் கட்டை வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டினால் இளகும். அது வந்ததும் பிர்ஃபீல்ட் மூட்டோடு சேர்த்து ஷாஃப்ட்டை நேராக வெளியே இழுக்கலாம். மிச்ச ஆயில் கொட்டும், அடியில் தட்டு இருக்கட்டும். இடப்பக்க ஷாஃப்ட்டும் வலப்பக்க ஷாஃப்ட்டும் நீளத்தில் வேறு, மாற்றிப் போட முடியாது. ஷாஃப்ட்டைத் தரையில் வைக்காதீர்கள். சீல் படும் பரப்பில் ஒரு மணல் துகளின் கீறல் போதும்.

அடுத்து டை ராடு முனை, ஸ்டியரிங் பக்கத்திலிருந்து வரும் டிராக் லிங்க் கம்பி உள்ள பக்கம் என்றால் அதுவும். நக்கிளின் பின்பக்கத்தில் வரிசையாக இருக்கும் சிறு போல்ட்டுகளைக் கழற்றி, வளையத் தகட்டைப் பின்னுக்குத் தள்ளுங்கள். பிறகு மேலும் கீழும் கிங் பின்கள். ஒவ்வொன்றுக்கும் அடியில் மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும். மேல் கிங் பின்னோடு வந்த ஷிம் மேலேயே, கீழே உள்ளது கீழேயே திரும்பப் போகவேண்டும். நான் தனித்தனிக் கவரில் போட்டு, மேல், கீழ், இடம், வலம் என்று எழுதிவைப்பேன். கிங் பின்னை உருவும்போது கீழ் பேரிங் தடாலென்று விழும், கையை வைத்துக்கொள்ளுங்கள்.

ரப்பர் வளையத்தை ஒரு வெட்டு வெட்டி, நக்கிளைக் கழற்றாமலே குண்டைச் சுற்றி மாட்டிவிடலாம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். காட்டுக்குள் மாட்டிக்கொண்ட அவசரத்துக்கு அது சரி. ஆனால் கிங் பின் பேரிங்கை அதனால் பார்க்காமலே விட்டுவிடுகிறோம். பேரிங் தேய்ந்து நக்கிள் ஆடினால் புது வளையம் ஒரு பக்கம் நசுங்கி, மறுபக்கம் இடைவெளி விடும். எனவே கழற்றியே மாட்டுங்கள்.

துடைப்பதும் பார்ப்பதும்

அரை நாள் இதற்கே போகட்டும். பழைய கிரீஸும் ஆயிலும் சேர்ந்த கஞ்சியை முழுக்க வழித்தெடுத்து, மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் துடைத்துக் காயவிடுங்கள். குழாய்க்குள்ளும் ஒரு நீளக் குச்சியில் துணி சுற்றித் துடையுங்கள்.

குண்டின் பரப்பை விரலால் தடவிப் பாருங்கள். துருப்புள்ளிகளும் கீறல்களும் வளையத்தை அறுக்கும். 400 எண் உப்புத்தாளில் சிறிது எண்ணெய் தொட்டு, கண்ணாடி போல ஆகும்வரை தேயுங்கள். ஆழமான குழிகள் இருந்தால் அதை நிரப்பித் தேய்க்க வேண்டியிருக்கும்.

ஷாஃப்ட்டில் சீல் உதடு ஓடிய இடத்தில் பளபளப்பான ஒரு கோடு இருக்கும். நகத்தை அதன் குறுக்கே இழுங்கள். நகம் மாட்டவில்லை என்றால் நல்லது. லேசாக மாட்டினால், புதுச் சீலை முன்பிருந்த ஆழத்தைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி உட்காரவைத்தால் உதடு தேயாத பரப்பில் ஓடும். நகம் நன்றாக இறங்கினால் அந்த இடத்தில் மெல்லிய எஃகு உறை மாட்ட வேண்டும், அல்லது ஷாஃப்ட்டை மாற்ற வேண்டும். இந்தக் கோட்டைப் பார்க்காமல் போடுகிற சீல் முதல் நாளே கசியும்.

கிங் பின் பேரிங்கின் உருளைகளிலும் அவை ஓடும் கிண்ணத்திலும் குழிகள், நீலம் பாய்ந்த தடங்கள் இருந்தால் மாற்றுங்கள். பிர்ஃபீல்ட் மூட்டை எல்லாப் பக்கமும் மடக்கிச் சுழற்றிப் பாருங்கள். சொடக்குச் சத்தமோ தட்டுப்படுவதோ இருந்தால் அதன் காலம் முடிகிறது. நன்றாக இருக்கும் மூட்டைப் பிரிக்கவேண்டாம், கழுவிக் காயவைத்துப் புதுக் கிரீஸை உருண்டைகளுக்கு இடையே அழுத்தி நிரப்பினால் போதும்.

புதுச் சீலை உட்காரவைப்பது

பழைய சீலை எடுப்பதற்கு முன், அது கழுத்தின் விளிம்பிலிருந்து எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று வெர்னியரால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கொக்கி போன்ற சீல் புல்லரால் ஒரே பக்கம் நெம்பாமல், சுற்றிச் சுற்றி நெம்பினால் வந்துவிடும். திருப்புளி போட்டு நெம்புகிறவர்கள் சீல் உட்காரும் சுவரைக் கீறிவிடாமல் கவனமாக இருங்கள். அந்தக் கீறல் வழியாக ஆயில் சீலுக்கு வெளிப்புறமாகவே சுற்றி வரும்.

புதுச் சீலில் சுருள் ஸ்பிரிங் தெரியும் பக்கம் டிஃபரன்ஷியலைப் பார்க்கவேண்டும், அதாவது ஆயில் இருக்கும் பக்கம். வெளி விளிம்பு வெறும் தகடாக இருந்தால் மெல்லிய சிலிக்கான் பூச்சு கொடுக்கலாம். ரப்பர் பூசியதாக இருந்தால் துளி ஆயில் போதும். சீலின் வெளி விட்டத்தைவிடக் கொஞ்சமே சிறிய குழாய்த் துண்டையோ பெரிய சாக்கெட்டையோ சீலின் மேல் நேராக வைத்து, சின்னச் சின்னத் தட்டாகத் தட்டுங்கள். நான்கு தட்டுக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் உடனே தெரியும், அந்தக் கட்டத்திலேயே நேராக்கிவிடலாம். முழுக்க இறங்கிய பிறகு நேராக்க முடியாது, எடுத்துவிட்டு வேறு சீல்தான் போடவேண்டும். இறுதியில் வெர்னியரால் நான்கு இடங்களில் ஆழத்தை அளந்து பாருங்கள். உதட்டுக்கு விரலால் கிரீஸ் தடவிவிடுங்கள்.

நக்கிளும் ஷிம்மும்

நக்கிளை ஏற்றுவதற்கு முன் வளையத் தகடு, ஃபெல்ட், ரப்பர் மூன்றையும் நீங்கள் போனில் எடுத்த படத்தில் உள்ள வரிசையில் குண்டின் மேல் நுழைத்துப் பின்னால் விட்டுவிடுங்கள். இதை மறந்தால் எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டும்.

பேரிங்குகளில் கிரீஸ் அடைத்து, நக்கிளை ஏற்றி, அந்தந்த ஷிம்களோடு கிங் பின்களைப் போட்டு இறுக்குங்கள். இப்போது வளையத்தை மாட்டாமலே அளக்கவேண்டும். ஸ்பிரிங் தராசின் கொக்கியை டை ராடு முனை நுழையும் ஓட்டையில் மாட்டி, செங்கோணத்தில் இழுங்கள். நக்கிள் நகரத் தொடங்கும்போது தராசு 1 முதல் 1.8 கிலோவுக்குள் காட்டவேண்டும். குறைவாகக் காட்டினால் ஒரு ஷிம்மை எடுங்கள், பேரிங் இறுகும். அதிகமாகக் காட்டினால் ஒரு ஷிம் சேருங்கள். அவசரக்காரர்கள் தவிர்க்கும் படி இதுதான். நக்கிள் தளர்வாக இருந்தால் சீல் மட்டும் போவதில்லை, 60 கிலோமீட்டர் வேகத்தில் பள்ளத்தில் இறங்கியதும் ஸ்டியரிங் கையைப் பிடுங்கிக்கொண்டு ஆடும்.

அளவு சரியானதும் வளையங்களை இழுத்துவந்து, தகட்டின் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

ஷாஃப்ட் உள்ளே போகும் நேரம்

புதுச் சீல் பெரும்பாலும் கெடுவது இந்த ஒரு நிமிடத்தில். ஷாஃப்ட் முழுவதும் அந்தச் சீலைக் கடந்துதான் உள்ளே போகிறது, முனையில் இருக்கும் பற்கள் கத்தி போலக் கூர். பற்களின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதற்கு மேல் கிரீஸ் பூசி, சீலைத் தாண்டும்வரை நுழைத்துவிட்டுத் தாளை உருவிவிடுங்கள். இரண்டு கையாலும் ஷாஃப்ட்டைத் தூக்கிப் பிடித்து, சீலின் மேல் எடை விழாமல் நேராக உள்ளே தள்ளுங்கள். உதவிக்கு ஓர் ஆள் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது. கடைசியில் டிஃபரன்ஷியல் கியரின் பற்களில் மாட்டும்வரை லேசாகச் சுழற்றித் தள்ளினால் உள்ளே போய்விடும். சுத்தியலால் தட்டவே கூடாது.

மூட்டைச் சுற்றி மாலி கிரீஸை நிரப்புங்கள், ஆனால் குண்டின் உள்ளிடத்தில் முக்கால் பங்குக்கு மேல் வேண்டாம். சூடாகும்போது கிரீஸுக்கும் விரிய இடம் வேண்டும். ஸ்பிண்டிலின் புஷ்ஷில் கிரீஸ் தடவி, புது கேஸ்கெட்டோடு மாட்டுங்கள்.

ஹப்பில் புதுச் சீல், கிரீஸ் அடைத்த பேரிங்குகள். உள் நட்டை நன்றாக இறுக்கி, ஹப்பைப் பல சுற்று சுற்றி, தளர்த்தி, மறுபடி லேசாக இறுக்குங்கள். ஹப் தடையின்றிச் சுழலவேண்டும், மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரியக்கூடாது. வாஷர், வெளி நட்டு, வாஷரின் காதை மடக்குவது. ஃபிளேஞ்ச் போட்டு, ஷாஃப்ட்டை வெளிப்பக்கம் இழுத்துப் பிடித்து சர்க்ளிப்பைக் காடியில் உட்காரவையுங்கள். உட்கார்ந்ததா என்று திருப்புளி முனையால் தள்ளிச் சுற்றிப் பாருங்கள். டை ராடு நட்டுக்குப் புது காட்டர் பின்.

டிஸ்க்கை பிரேக் கிளீனரால் துடையுங்கள். பிரேக் பேடில் கியர் ஆயில் ஊறியிருந்தால் அதைச் சுட்டோ தேய்த்தோ காப்பாற்றப் பார்க்காதீர்கள், இரண்டு பக்கமும் புதிது போடுங்கள். மலையிறக்கத்தில் வண்டி ஒரு பக்கம் இழுத்தால் திருத்திக்கொள்ள நேரம் இருக்காது.

மறுபக்கத்தையும் இதேபோல் முடித்து, வண்டி சமமாக நிற்கும்போது நிரப்பும் ஓட்டையின் விளிம்பில் ஆயில் தொடும்வரை ஊற்றி மூடுங்கள். பழைய ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டவேண்டாம். பட்டறைகளில் கழிவு ஆயில் எடுப்பவர்களிடம் சேர்த்துவிடுங்கள்.

ஓட்டிப் பார்த்த பிறகு

முதலில் தெருவுக்குள்ளேயே மெதுவாக ஓட்டி, பிரேக் மிதியைப் பலமுறை அமுக்கிப் பாருங்கள். பத்து கிலோமீட்டர் போய்வந்து ஹப்பைத் தொட்டால் இளஞ்சூடு இருக்கலாம், கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் அதிகம் இறுகியிருக்கிறது. முதல் சில நாட்களில் குண்டின் மேல் கிரீஸ் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும், துடைத்துவிட்டுக் கவனியுங்கள். கந்தக வாடை வரக்கூடாது. நூறு கிலோமீட்டர் கடந்ததும் கிங் பின் போல்ட்டுகள், வளையத் தகட்டின் போல்ட்டுகள், சக்கர நட்டுகள் ஆகியவற்றை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

ஓடை, ஆறு என்று சக்கரம் மூழ்கப் போய்வந்த நாளில் வீட்டுக்கு வந்ததும், வண்டி ஆறிய பிறகு, நிரப்பும் பிளக்கைத் திறந்து விரலை விட்டுப் பாருங்கள். ஆயில் தெளிவாக இருந்தால் மூடிவிடலாம். வெளுத்திருந்தால் மறுநாள் வரை விடாமல் வடித்துப் புதிது ஊற்றுங்கள், மூச்சுக்குழாயின் முனையையும் அன்றே ஒருமுறை ஊதிப் பாருங்கள்.